மருமகனைப் படத்தை வைத்து மிரட்டுகிறார்கள், பணம் கேட்கிறார்கள்: உடனே என்ன செய்வது?

தேரிக்காடு | வெள்ளி, இரவு 9.42

அவசரம். விவரம் தெரிந்தவர்கள் பதில் சொல்லுங்கள்.

என் அக்கா மகனுக்கு வயது 16, பதினோராம் வகுப்பு. படம் பகிரும் செயலி ஒன்றில் ஒரு பெண்ணிடம் கொஞ்ச நாளாகப் பேசியிருக்கிறான். பெண் என்றுதான் நம்பியிருக்கிறான். கோயம்புத்தூர், கல்லூரி முதலாண்டு என்று சொல்லியிருக்கிறாள். பிறகு வாட்ஸ்அப் எண்ணை வாங்கிக்கொண்டு, தன் படம் என்று ஒன்றை அனுப்பி, "நீயும் அனுப்பு, உன்மேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது" என்று கேட்டிருக்கிறாள். அனுப்பிவிட்டான். முகம் தெரிகிறது.

ஐந்து நிமிடத்தில் பேச்சே மாறிவிட்டது. அவன் படத்தையும் அவனைப் பின்தொடர்பவர்களின் பட்டியலையும் ஒட்டி ஒரே படமாக்கி அனுப்பியிருக்கிறார்கள். பட்டியலில் சித்தப்பா மகள் பெயரைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். கணக்கு டியூஷன் ஆசிரியர் பெயரைச் சுற்றி இன்னொன்று. 5,000 ரூபாய் போடாவிட்டால் முதலில் இந்த இருவருக்கும் போகும் என்று மிரட்டல். கையிலிருந்த 2,000 ரூபாயை யூபிஐயில் அனுப்பிவிட்டான். இப்போது 15,000 கேட்கிறார்கள். 10, 9, 8 என்று இறங்குவரிசையில் எண்களாக வந்துகொண்டிருக்கிறது.

இப்போது என் வீட்டு மாடியில் இருக்கிறான். அக்காவுக்கும் அத்தானுக்கும் தெரியாது. "அப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள் மாமா" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறான். 15,000 என்னிடம் இருக்கிறது. கட்டித் தொலைத்தால் விட்டுவிடுவார்களா?

கருங்காலி | இரவு 9.46

விடமாட்டார்கள். ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். 2,000 போனதால்தான் 15,000 கேட்கிறான்.

சாட்சிக்கூண்டு | இரவு 9.58

வழக்கறிஞராக இருக்கிறேன். போக்சோ வழக்குகள், அதாவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டத்தின்கீழ் வரும் வழக்குகள் நடத்தியிருக்கிறேன். இப்போது சட்டம் பேச நேரமில்லை, செய்ய வேண்டியதை மட்டும் சொல்கிறேன். பிறகு வந்து விரிவாக எழுதுகிறேன்.

பதில் அனுப்புவதை நிறுத்தச் சொல்லுங்கள். கெஞ்சவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம், "போலீசுக்குப் போகிறேன்" என்று எதிர்மிரட்டலும் வேண்டாம். பதில் வருகிற வரைதான் அவனுக்கு இது வியாபாரம்.

உரையாடலை அழிக்க விடாதீர்கள். பயத்தில் பையன்கள் முதலில் செய்வது கணக்கையே அழிப்பதுதான். அழித்தால் மிரட்டியவனுக்கு எதிரான சாட்சியம் போய்விடும். மிரட்டல் செய்திகள், அந்தக் கணக்கின் பெயர், அதன் இணைய முகவரி, வாட்ஸ்அப் எண், பணம் போன யூபிஐ முகவரி எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பணம் போன பதிவில் 12 இலக்கத்தில் யூடிஆர் எண் ஒன்று இருக்கும். அதைத் தனியாகத் தாளில் எழுதி வையுங்கள். இவ்வளவும் எடுத்தபின் அந்த எண்ணையும் கணக்கையும் பிளாக் செய்யுங்கள்.

பையனின் அந்தரங்கப் படத்தை மட்டும் யாரும் நகல் எடுக்கக் கூடாது. "ஆதாரத்துக்கு" என்று உங்கள் ஃபோனுக்கோ நண்பருக்கோ அனுப்பாதீர்கள். 18 வயதுக்குக் குறைந்தவரின் அப்படிப்பட்ட படத்தை அனுப்புவது, அனுப்புபவர் யாராக இருந்தாலும், சட்டச் சிக்கல். அது அவன் ஃபோனில் இருந்தபடியே இருக்கட்டும்.

அடுத்ததாக இணையக் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். பணம் போய்ச் சில மணி நேரத்துக்குள் சொன்னால், அது அடுத்த வங்கிக்குத் தாவுவதற்குள் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. 2,000தானே என்று விடவேண்டாம். அந்தக் கணக்கு வேறு எத்தனை புகார்களில் இருக்கிறது என்பது அதில்தான் தெரியவரும்.

மல்லிகா_சேலம் | இரவு 10.03

தம்பி, ஃபோனைவிடப் பையன் முக்கியம். மாடியில் அவனைத் தனியாக விட்டுவிட்டா இங்கே தட்டச்சு செய்துகொண்டிருக்கிறீர்கள்? முதலில் மேலே போங்கள். இன்றிரவு அவன் தனியாகத் தூங்கக் கூடாது. குளியலறைக்குப் போனால்கூடக் குரல் கொடுத்துக்கொண்டே இருங்கள். பயமுறுத்தச் சொல்லவில்லை. இப்படி மாட்டிய பையன்கள் சில மணி நேரத்துக்குள் விபரீத முடிவு எடுத்த செய்திகளைப் படித்திருக்கிறேன்.

சாப்பிட்டானா? இட்லியோ பாலோ ஏதாவது கொடுங்கள்.

தேரிக்காடு | இரவு 10.09

பக்கத்தில்தான் இருக்கிறேன் அக்கா. என் மனைவி தோசை ஊற்றிக் கொடுத்தாள், ஒன்று சாப்பிட்டான். தட்டுக்கு அடியில் ஃபோனைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு சாப்பிட்டான். ஒவ்வொரு முறை அது அதிரும்போதும் தட்டு கடகடக்கிறது.

ஸ்கிரீன்ஷாட் எடுத்தாகிவிட்டது. 1930 கிடைத்துவிட்டது, விவரம் பதிவு செய்துகொண்டிருக்கிறார்கள்.

வலைஞன்_78 | இரவு 10.12

நண்பரே, கவலை வேண்டாம். எனக்குத் தெரிந்த ஹேக்கர் ஒருவர் இருக்கிறார். அவன் ஃபோனுக்குள்ளேயே புகுந்து படத்தை அழித்துவிடுவார். என் மருமகனுக்கும் செய்து கொடுத்தார். எண்: (நெறியாளரால் நீக்கப்பட்டது)

நெறியாளர் | இரவு 10.15

மேலே இருந்த எண்ணை நீக்கிவிட்டேன், கணக்கையும் முடக்கிவிட்டேன். இன்று மாலை தொடங்கப்பட்ட கணக்கு அது.

எல்லோரும் கவனியுங்கள். இது இரண்டாவது வலை. படம் பறிபோனவர்கள் உதவி தேடும் இடங்களில் இவர்கள் காத்திருப்பார்கள். அடுத்தவன் ஃபோனிலிருக்கும் படத்தை அழித்துத் தருவதாகச் சொல்பவன் கட்டணம் வாங்கிக்கொண்டு போவான். சில நேரம் மிரட்டியவனும் இவனும் ஒரே ஆள். இன்னொரு வகையும் உண்டு. நாளையோ மறுநாளோ காக்கிச் சட்டை முகப்புப் படத்தோடு ஓர் எண்ணிலிருந்து அழைப்பு வரும். சிபிஐ என்பான், டெல்லி சைபர் பிரிவு என்பான். "அந்தப் பெண் தற்கொலை செய்துகொண்டாள், உன்மேல் வழக்கு, முடித்துவைக்க இவ்வளவு" என்பான். காவல்துறை வீடியோ அழைப்பில் வழக்கை முடித்துவைக்காது. பையனிடம் இதை இப்போதே சொல்லிவையுங்கள், தேரிக்காடு.

இழையின் மேலே நிறுத்திவைக்க வேண்டிய எண்கள்: இணையக் குற்றம் 1930. குழந்தைகள் உதவி எண் 1098. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416, எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம். சென்னை சிநேகா அமைப்பின் தற்கொலைத் தடுப்பு எண் 044 24640050.

வடகரை | இரவு 10.31

இணையப் பாதுகாப்புத் துறையில் வேலை. பையன் விழித்திருந்தால் அவனுக்கே இதைப் படித்துக் காட்டுங்கள். தான் மட்டும் ஏமாந்துவிட்டதாக அவன் நினைத்துக்கொண்டிருப்பான்.

அவனிடம் பேசியது ஒரு பெண் இல்லை. பெரும்பாலும் ஒரு மேசையில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் பல பையன்களிடம் ஒரே வசனத்தை வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கும் ஆள். எழுதி வைத்த கதைவசனமே இவர்களுக்குள் கைமாறுகிறது. எப்போது படம் அனுப்ப வேண்டும், எப்போது பட்டியலைக் காட்ட வேண்டும், எத்தனை நிமிடம் கெடு என்பதெல்லாம் அதில் இருக்கும். 2024 ஜூலையில் மெட்டா நிறுவனம் நைஜீரியாவிலிருந்து இயங்கிய சுமார் 63,000 இன்ஸ்டாகிராம் கணக்குகளை ஒரே வீச்சில் நீக்கியது. எல்லாம் இந்தத் தொழிலுக்காக வைத்திருந்த கணக்குகள். நம் ஊர்ப் பையன்களைப் பிடிப்பவர்கள் பெரும்பாலும் இந்தியாவுக்குள்ளேயே இருப்பார்கள், யூபிஐயில் பணம் கேட்பதிலிருந்து ஊகிக்கலாம். முறை ஒன்றுதான்.

பெண்பிள்ளைகளை மிரட்டுபவன் பெரும்பாலும் மேலும் படம் கேட்பான். பையன்களை மிரட்டுபவன் பணம் கேட்பான். 2021 அக்டோபரிலிருந்து 2023 மார்ச் வரை மட்டும் அமெரிக்காவின் எஃப்பிஐக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புப் புலனாய்வுத் துறைக்கும் சிறார் தொடர்பாக இப்படிப்பட்ட 13,000க்கும் மேற்பட்ட புகார்கள் வந்தன. பாதிக்கப்பட்டவர்கள் குறைந்தது 12,600 பேர், பெரும்பாலும் பையன்கள். அதில் குறைந்தது 20 பேர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். மல்லிகா அக்கா சொன்னது மிகை இல்லை.

பிடிபடவே மாட்டார்கள் என்றும் நினைக்க வேண்டாம். 2022 மார்ச்சில் மிச்சிகன் மாநிலத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் இப்படி மிரட்டப்பட்டு இறந்தான். லாகோஸிலிருந்து அதைச் செய்த அண்ணன் தம்பி இருவரை நாடுகடத்திக் கொண்டுவந்து, 2024 செப்டம்பரில் ஆளுக்குப் பதினேழரை ஆண்டு சிறை கொடுத்தார்கள்.

இப்போது செய்யக்கூடியது ஒன்று பாக்கியிருக்கிறது. "டேக் இட் டவுன்" என்று ஓர் இலவசச் சேவை. அமெரிக்காவில் காணாமல்போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான தேசிய மையம் நடத்துகிறது. எந்த நாட்டிலிருந்தும் பயன்படுத்தலாம், பெயர் கேட்க மாட்டார்கள். 18 வயதுக்குள் எடுத்த படத்துக்கு மட்டும். அந்தத் தளத்தைப் பையன் தன் ஃபோனில் திறந்து படத்தைத் தேர்ந்தெடுத்தால், அந்தப் படத்துக்கே உரிய ஓர் எண்வரிசை ஃபோனுக்குள்ளேயே உருவாகும். எண் மட்டும்தான் வெளியே போகும், படம் போகாது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட், டிக்டாக் போன்ற தளங்கள் அந்த எண்ணை வைத்து, யாராவது அதே படத்தை ஏற்றினால் அடையாளம் கண்டு நீக்கும். வாட்ஸ்அப்பில் ஒருவருக்கொருவர் அனுப்புவதை இது தடுக்காது. அந்த வரம்பைத் தெரிந்துகொண்டே செய்யுங்கள்.

தேரிக்காடு | இரவு 11.05

செய்துவிட்டான். அவனே செய்தான். கை நடுக்கம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, "அப்படியென்றால் அது ஆம்பளையா மாமா?" என்று கேட்டான். என்ன சொல்வது என்று தெரியாமல் இருவரும் சிரித்துவிட்டோம்.

ஆனால் அத்தானிடம் சொல்வதா, வேண்டாமா? அவர் கோபக்காரர். பத்தாம் வகுப்பில் மதிப்பெண் குறைந்ததற்கே பெல்ட்டை எடுத்தவர்.

இரும்புப்பெட்டி | இரவு 11.20

எல்லோரும் பையனுக்குப் பரிந்து பேசுகிறீர்கள். நான் கேட்கிறேன், 16 வயதில் துணியில்லாமல் படம் எடுத்து அனுப்பத் தோன்றுகிறது என்றால் வளர்ப்பில் கோளாறு இல்லையா? அப்பாவிடம் சொல்லுங்கள், இரண்டு போடு போடட்டும், ஃபோனைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டட்டும். எங்கள் காலத்தில் இந்தப் பிரச்சினையே கிடையாது.

மல்லிகா_சேலம் | இரவு 11.27

ஐயா, உங்கள் காலத்தில் பிரச்சினை இல்லாமல் இல்லை, சொல்ல ஆள் இல்லாமல் இருந்தது. 2007இல் மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் ஓர் ஆய்வு நடத்தி வெளியிட்டது. கேட்கப்பட்ட குழந்தைகளில் 53.22 விழுக்காட்டினர் ஏதோ ஒரு பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அவர்களில் பாதிக்குமேல், 52.94 விழுக்காடு, ஆண்பிள்ளைகள். அப்போது பிள்ளைகள் கையில் ஸ்மார்ட்ஃபோன் கிடையாது.

கருங்காலி | இரவு 11.31

ஃபோனைப் பிடுங்கினால் இன்னொரு சிக்கல் இருக்கிறது. மற்ற பையன்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சொன்னவனுக்கு ஃபோன் போயிற்று, அடி கிடைத்தது என்று வகுப்பு முழுக்கத் தெரிந்துவிடும். அடுத்து மாட்டுகிறவன் வாயைத் திறப்பானா?

குமரன்22 | இரவு 11.52

நான் இங்கே வழக்கமாக எழுதுவதில்லை. வாசிப்பதோடு சரி. இரும்புப்பெட்டி ஐயாவுக்காக எழுதுகிறேன்.

எனக்கு இப்போது 22. ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஒன்றில் குழுவாக ஆடுவோம். குரல் அரட்டையில் ஓர் அண்ணன் சேர்ந்தான். நன்றாக ஆடுவான், செத்துக் கிடந்தால் ஓடிவந்து எழுப்பிவிடுவான். விளையாட்டுக்குள் செலவழிக்கும் டைமண்ட் வாங்க எனக்குக் காசு கிடையாது என்று தெரிந்து அவனே பணம் போட்டு டாப்அப் செய்துவிடுவான். வீட்டில் அப்பாவும் அம்மாவும் சண்டை போடும் நாட்களில் இரவு இரண்டு மணிவரை என்னோடு பேசிக்கொண்டிருப்பான். உண்மையைச் சொன்னால், அப்போது என் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்ட ஒரே ஆள் அவன்தான். பிறகு படம் கேட்டான். வாங்கிக்கொடுத்ததற்கெல்லாம் கணக்குச் சொன்னான்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. அடிக்குப் பயந்து மட்டும் இல்லை. ஆண் ஒருவன் கேட்டு நான் அனுப்பினேன் என்று தெரிந்தால் என்னை என்னவென்று நினைப்பார்கள் என்ற பயம். பள்ளியில் "நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்" வகுப்பு நடந்தபோது பெண்பிள்ளைகளை மட்டும் தனியே உட்காரவைத்தார்கள், எங்களை விளையாட அனுப்பிவிட்டார்கள். எங்களுக்கு அது நடக்காது என்றுதான் நானும் நினைத்துக்கொண்டேன். பிறகு நடந்தபோது அதற்கு ஒரு பெயர் இருப்பதுகூடத் தெரியவில்லை.

தேரிக்காடு அண்ணா, உங்கள் மருமகன் உங்களிடம் ஓடிவந்திருக்கிறான். எனக்கு அப்படி ஒரு மாமா இல்லை. அப்பாவிடம் சொல்லுங்கள், ஆனால் நீங்கள் முதலில் தனியாகப் போய்ச் சொல்லுங்கள். அவர் கத்துவதை எல்லாம் உங்களிடம் கத்தி முடித்தபிறகு பையனைக் கூட்டிப்போங்கள்.

மல்லிகா_சேலம் | இரவு 11.58

குமரன் தம்பி, இப்போதும் பேச வேண்டும்போல் இருந்தால் மேலே நெறியாளர் போட்ட 14416 உனக்கும்தான். ஆண்டுகள் கடந்துவிட்டன என்று தயங்காதே.

சாட்சிக்கூண்டு | சனி, அதிகாலை 12.20

இப்போது சட்டம். அத்தானிடம் பேசும்போது இது உதவும். பல அப்பாக்களின் கோபத்துக்கு அடியில் "போலீஸ், கோர்ட்டு, மானம்" என்ற பயம்தான் இருக்கிறது.

2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தில் "குழந்தை" என்றால் 18 வயதுக்குக் குறைந்த யாரும். ஆண், பெண் பேதம் இல்லை. இது பெண்பிள்ளைகளுக்கான சட்டம் என்று காவல் நிலைய எழுத்தர்களே சில நேரம் சொல்வார்கள், கேட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். குழந்தையின் உடலைக் காட்டும் படத்தை வெளியிடுவேன் என்று மிரட்டுவதே பிரிவு 11இல் பாலியல் தொந்தரவு. படம் உண்மையானதாக இருக்கலாம், புனையப்பட்டதாகவும் இருக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. ஆகவே முகத்தை ஒட்டிச் செயற்கை நுண்ணறிவில் தயாரித்த படத்தை வைத்து மிரட்டினாலும் இதே பிரிவு. எதிர்த்தரப்பில் "பாலியல் நோக்கம் இல்லை, பணத்துக்காகத்தான் செய்தான்" என்று வாதாடப் பார்ப்பார்கள். அதனால்தான் குழந்தையை ஆபாசப் படத்துக்குப் பயன்படுத்துவது பற்றிய 13, 14ஆம் பிரிவுகளையும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவையும், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் மிரட்டிப் பணம் பறிக்கும் 308ஆம் பிரிவையும் சேர்த்துப் போடச் சொல்ல வேண்டும். 14ஆம் பிரிவில் குறைந்தபட்சமே ஐந்து ஆண்டு.

புகாரைப் பையனே கொடுக்கலாம், 19ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. நீங்களும் கொடுக்கலாம்.

வாக்குமூலம் வாங்கும் முறைதான் அத்தானுக்கு ஆறுதலாக இருக்கும். பிரிவு 24இன்படி பையனைக் காவல் நிலையத்துக்கு வரச்சொல்லி விசாரிக்க வேண்டியதில்லை. அவன் வீட்டில் அல்லது அவன் விரும்பும் இடத்தில், சீருடை இல்லாமல் வந்து எழுத வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. பெற்றோர் அல்லது அவன் நம்பும் வேறு ஒருவர் உடனிருக்கலாம் என்கிறது பிரிவு 26. தாய்மாமனுக்கு இதைவிடச் சட்ட அங்கீகாரம் என்ன வேண்டும்? அவன் பெயர், முகவரி, பள்ளி எதையும் செய்தியில் போடக் கூடாது, போட்டால் அது தனிக் குற்றம்.

தெருவில் யாருக்கும் தெரியாமல் இது முடியும். முடியாமல் போவது, வீட்டிலேயே கத்தி ஊரைக் கூட்டும்போதுதான்.

இரும்புப்பெட்டி | அதிகாலை 12.41

குமரன் எழுதியதைப் படித்தேன். "இரண்டு போடு போடட்டும்" என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனாலும் ஃபோன் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழ் சமூக ஊடகக் கணக்கே கூடாது என்று சட்டம் கொண்டுவந்துவிட்டார்கள். அவர்கள் என்ன முட்டாள்களா?

வடகரை | அதிகாலை 12.55

முட்டாள்கள் இல்லை ஐயா. ஆனால் அந்தச் சட்டத்தில் தண்டம் நிறுவனத்துக்குத்தான், பிள்ளைக்கோ பெற்றோருக்கோ எதுவும் கிடையாது. நாம் இங்கே பேசுவது பிள்ளையைத் தண்டிப்பது. இரண்டும் வேறு.

தவிர, இந்தப் பையனுக்கு 16 ஆகிவிட்டது. அங்கே இருந்தாலும் அவனுக்குக் கணக்கு இருந்திருக்கும்.

பூட்டுவதற்குப் பதிலாக அமைப்பில் செய்யக்கூடியவை உண்டு. கணக்கைத் தனிப்பட்டதாக மாற்றுவது, பின்தொடர்பவர் பட்டியலை வெளியாட்கள் பார்க்க முடியாமல் செய்வது. தேரிக்காடு முதலில் எழுதியதைப் பாருங்கள், சிவப்பு வட்டம் போடப் பட்டியல் கிடைத்ததால்தான் பையன் நடுங்கினான். பட்டியல் இல்லாவிட்டால் மிரட்டலுக்குப் பாதி வலு போய்விடும். விளையாட்டுகளில் குரல் அரட்டையை நண்பர்களுக்கு மட்டும் என்று வைக்கலாம். இன்ஸ்டாகிராமில் பதின்வயதினருக்கான கணக்கு முறை 2025 முதல் இந்தியாவிலும் இருக்கிறது, அதில் இவற்றில் பல தாமாகவே அமைந்துவிடும். பிறந்த ஆண்டைப் பொய்யாகக் கொடுத்துக் கணக்குத் தொடங்கிய பையனுக்கு எதுவும் பொருந்தாது. நம் வீட்டுப் பையன்களில் எத்தனை பேர் உண்மையான ஆண்டைக் கொடுத்திருக்கிறார்கள் என்று நாளைக் காலை கேட்டுப் பாருங்கள். கேட்கும் தொனி முக்கியம்.

மட்டுநகர் | சனி, காலை 6.50

மட்டக்களப்பில் இருந்து. இங்கும் இதே கதைதான். இலங்கையில் வாசிப்பவர்களுக்கு: தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலும் முறையிடலாம். வெளிநாட்டில் அப்பா, இங்கே அம்மம்மாவோடு வளரும் பொடியன்கள்தான் கூடுதலாக அகப்படுகிறார்கள் என்பது நான் பார்த்த அளவில். அம்மம்மாவுக்கு போனைத் திறக்கவே தெரியாது. அப்பா வீடியோ அழைப்பில் வந்தால் படிப்பைப் பற்றி மட்டும்தான் கேட்பார்.

வைகைக்கரை | காலை 7.35

மேல்நிலைப்பள்ளி ஆசிரியர். இரவு முழுக்க நடந்ததை இப்போதுதான் படித்தேன். குமரன் சொன்ன "பையன்களை விளையாட அனுப்பிவிட்டார்கள்" என்ற வரி என்னைக் குத்துகிறது. எங்கள் ஊர்ப் பக்கத்திலும் அப்படித்தான் நடக்கிறது.

பதினோராம் வகுப்புப் பையன்களிடம் இதைப் பேசுவதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. "உங்களில் யாருக்காவது நடந்ததா?" என்று கேட்டால் கடைசி பெஞ்சில் சிரிப்பு எழும், அத்தோடு முடிந்தது. "உன் நண்பன் ஒருவன் இரவு 11 மணிக்கு அழைத்து இப்படிச் சொன்னால் என்ன செய்வாய்?" என்று கேட்டுப் பார்த்தேன். சிரிப்பு இல்லை. காசு சேர்த்துக் கொடுப்போம் என்றான் ஒருவன். மிரட்டியவனைத் தேடிப்போய் அடிப்போம் என்றான் இன்னொருவன். பெரியவர்களிடம் சொல்வோம் என்று ஒருவன்கூடச் சொல்லவில்லை. எந்தப் பெரியவரிடம் சொல்லலாம் என்று எழுதித் தரச் சொன்னேன். பெயர் எழுத வேண்டாம், உறவை மட்டும் எழுதுங்கள் என்றேன். தாய்மாமா, அண்ணனின் நண்பன், டிரைவர் அண்ணன், ஜிம் மாஸ்டர், சித்தி என்று வந்தன. அப்பா என்று எழுதியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆகவே அப்பாக்களுக்கு மட்டும் கூட்டம் போட்டுப் பயனில்லை, இந்தச் சித்திகளுக்கும் மாமாக்களுக்கும் 1930 என்ற எண் தெரிய வேண்டும் என்று நினைக்கிறேன்.

தேரிக்காடு | பிற்பகல் 1.15

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

காலையில் நான் மட்டும் அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தானைத் தோட்டத்துப் பக்கம் கூட்டிப்போய்ச் சொன்னேன். குமரன் தம்பி சொன்னது அப்படியே நடந்தது, என்னைத்தான் கத்தினார். "உன்னிடம் சொல்லத் தெரிந்தவனுக்கு என்னிடம் சொல்லத் தெரியாதா?" என்பதையே திரும்பத் திரும்பக் கேட்டார். பதில் சொல்லாமல் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "சாப்பிட்டானா?" என்றார். பிறகு பையனைக் கூட்டிவந்தேன். அத்தான் அவனிடம் ஒன்றும் பேசவில்லை. வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, "வா, போலீசுக்குப் போகலாம்" என்றார். அவர் பேசியது அவ்வளவுதான்.

மிரட்டியவன் சும்மா இருக்கவில்லை. நள்ளிரவுக்குமேல் சித்தப்பா மகளுக்கு ஒரு புதிய கணக்கிலிருந்து படத்தை அனுப்பியிருக்கிறான். அந்தப் பெண் கெட்டிக்காரி. திறந்தவுடன் புகார் செய்து பிளாக் செய்துவிட்டு, காலையில் இவனுக்கு, "அது நீ இல்லை, யாரோ செய்த வேலை என்று எனக்குத் தெரியும், யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று செய்தி அனுப்பியிருக்கிறாள். டியூஷன் ஆசிரியருக்கு எதுவும் போகவில்லை.

மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தோம். உதவி ஆய்வாளர் ஒரு பெண், மரியாதையாகப் பேசினார், வாக்குமூலத்துக்குத் திங்கள்கிழமை சாதாரண உடையில் என் வீட்டுக்கு வருவதாகச் சொன்னார். அதற்குமுன் வேறொரு நிலையத்தில் எங்களை, "பையன்தானே, இதற்கெல்லாமா புகார்" என்று திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். சாட்சிக்கூண்டு ஐயா எழுதியதைக் கையில் வைத்திருந்ததால் தயங்காமல் பேச முடிந்தது.

இப்போது இரண்டு கேள்வி. ஃபோனை ஆய்வுக்கு ஒப்படைக்கச் சொல்கிறார்கள், கொடுக்கலாமா? பணம் போனதற்கு வங்கிக் கணக்கு விவரம் கேட்கிறார்கள், கணக்கு அக்கா பெயரில் இருக்கிறது.

கருங்காலி | பிற்பகல் 1.22

அந்தச் சித்தப்பா மகளுக்கு என் சார்பில் ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுங்கள்.

சாட்சிக்கூண்டு | பிற்பகல் 2.05

ஃபோனைக் கொடுங்கள், ஆனால் வெறுங்கையோடு திரும்பாதீர்கள். கைப்பற்றியதற்குச் சாட்சியாக எழுதும் மகஜரில் ஃபோனின் மாதிரி, ஐஎம்இஐ என்ற அதன் அடையாள எண், சிம் எண் எழுதி, நகல் தருவார்கள், கேட்டு வாங்குங்கள். கொடுக்குமுன் பாடக் குறிப்புகள், தொடர்பு எண்கள் இருந்தால் தனியாக எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். அந்த உரையாடலையும் படங்களையும் தொட வேண்டாம். சிம்மையும் வைத்துக்கொள்வதாகச் சொன்னால், அந்த எண்ணில்தான் வங்கிக் குறுஞ்செய்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டு பேசுங்கள்.

வங்கிக் கணக்கு அக்கா பெயரில் இருந்தால் அக்காவும் ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். அந்த ஒரு நாளுக்கான பரிவர்த்தனை அச்சு போதும், ஆண்டு முழுவதற்கும் கொடுக்கத் தேவையில்லை. யூடிஆர் எண் உள்ள வரியில் குறியிடுங்கள். 1930இல் பதிவு செய்தபோது கிடைத்த ஒப்புகை எண்ணையும் புகாரில் குறிப்பிடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அது தனிக் கோப்பாகவும் இது தனிக் கோப்பாகவும் கிடக்கும்.

புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது கொடுத்தார்களா, வழக்கே பதிந்து எஃப்ஐஆர் போட்டார்களா? ரசீதோடு நின்றுவிட்டால் திங்கள்கிழமை அந்த அம்மையார் வரும்போதே கேளுங்கள். எஃப்ஐஆர் நகல் இலவசம்.

தேரிக்காடு | பிற்பகல் 2.18

ரசீதுதான் கொடுத்தார்கள் ஐயா. எஃப்ஐஆர் பற்றித் திங்கள்கிழமை கேட்கிறேன். அக்காவிடம் கடிதம் எழுதி வாங்கக் கிளம்புகிறேன். அவளுக்கு இன்னும் முழு விவரமும் சொல்லவில்லை, அதை அத்தானே சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.